விகுதி

முகப்பில் நின்று பார்த்தால்
பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரியும் வீடு.
கானாடுகாத்தானில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
எட்டு வாசல், ஒரே கோட்டில்.
ஒன்றுக்கும் பூட்டில்லை.
அடைக்கம்மை அங்கே பதினோரு வருடம் இருந்தாள்.

'பூட்டே இல்லையா?' என்று
தேவகோட்டையிலிருந்து வந்த அவள் தங்கை
என் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து
மூன்று முறை கேட்டாள்.
நான் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அதே வீட்டில் ஆறு வருடம் இருந்தவள் நான்.
விடை இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி மழையில் பால் வேனில் வந்து இறங்கினாள்.
மஞ்சள் பையில் ஒரு துண்டு, ஒரு சீப்பு,
அவர் கால் பட்ட மண் ஒரு டப்பாவில்.
ஆதார் அவர்களிடம். நகை அவர்களிடம்.
கணவரும் அவர்களிடம்.

'இது வந்துடுச்சு' என்றாள்.
எதும்மா என்று
சாலையைப் பார்த்தான் வேன்காரன்.

அந்த வீட்டில் நான் கிடையாது.
இதுக்குப் பசிக்குது,
இது குளிச்சுது,
இது தப்புப் பண்ணிடுச்சு, அடிங்க.
இப்படித்தான் பேச வேண்டும்.
'ஏன்' என்று கேட்டவர்களுக்கு
வளவில் வெயில் விழும் இடம் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள்,
நாள் முழுக்க நிற்க.

பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
டீயா காப்பியா என்று மாஸ்டர் கேட்டதும்
அவளுக்கு உதறல் எடுத்தது.
பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.
'நீங்களே சொல்லுங்க' என்றாள் என்னிடம்.

என் நாக்கில் எல்லாம் தயாராக இருந்தது:
காப்பி குடி.
அந்த மண்ணைக் கொட்டு.
அந்த மனுஷனை மற.
இரக்கத்தில்தான் முளைக்கிறார்கள் சாமியார்கள்,
செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையிலும் முளைக்கலாம்.
வாயை மூடிக்கொண்டேன்.
ரெண்டும் வாங்கினோம்.
ரெண்டும் ஆறிப்போயின.

அடிக்காத மணிக்கு
மூன்று மணிக்கே எழுந்து உட்காருவாள்.
நானும் எழுந்துவிடுவேன், பழக்கம்.
விளக்குப் போடாமல்
ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து
கம்பன் எக்ஸ்பிரஸ் ரெண்டு நாள் தாமதமாக வந்தாலும்
காத்திருப்பவர்கள் போல.

ஆதார் படிவத்தில் பெயர் என்ற கட்டத்தில்
'சுடர் 47' என்று எழுதினாள்.
அடித்தாள்.
'அ' போட்டு நிறுத்திவிட்டு
ஒயிட்னர் கேட்டாள்.

மார்கழியில் ஒரு பள்ளிக்கூடப் பையன்
இலக்கண நோட்டை நகலெடுக்கக் கொடுத்தான்.
சூடு ஆறாத தாளைக் கையில் பிடித்து
வாய்விட்டு வாசித்தாள்:
தன்மை ஒருமை வினைமுற்று விகுதி, ஏன்.
வந்தேன். உண்டேன். கண்டேன்.
திரும்ப வாசித்தாள்.
'நான் வந்தேன்னு சொன்னா
கடைசியில ஒரு ஏன் வந்து நிக்குதுல்ல' என்றாள்.
'ரெண்டையும் ஒண்ணாத்தான் புடுங்கியிருக்காங்க.'
பையன் எங்கள் இருவரையும் பார்த்தான்.
எவ்வளவுக்கா என்றான். பத்து ரூபாய்.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டாள்.
வைரவனுக்குப் பத்தொன்பது வயது.
விட்டுப் போனபோது எட்டு.
'யாரு?'
'நான்.'
'எந்த நான்?'
வைத்துவிட்டான்.

தங்கை தூக்கில் கொடுத்தனுப்பிய கும்மாயம்
அப்படியே இருந்தது.
ஒரு விரல் எடுத்து நக்கி
'இனிப்பு ஜாஸ்தி, எனக்குப் புடிக்கலை' என்று தள்ளினாள்.
என்ன சொன்னோம் என்று அவள் கவனிக்கவில்லை.
நானும் கொண்டாடவில்லை.
மூடி போட்டு வைத்தேன்.

மண் டப்பா ஜன்னலில்தான் இருக்கிறது.
துடைக்கும்போது தூக்கி, துடைத்துவிட்டு
அதே இடத்தில் வைப்பேன்.
நேற்று அவள் கேட்டாள்,
'உங்களது எங்கே?'

பீரோவில், புடவைக்கு அடியில் என்றேன்.

'ஏன்?' என்றாள்.